நோய்க்குப் பிறகும் துக்கத்திலும் உடம்பைத் தேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கும், துணையைப் பறிகொடுத்து பதினாறாம் நாள் காரியம் முடித்து உட்கார்ந்திருப்பவருக்கும் உடம்பு ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கும். தூக்கம் கெட்டிருக்கும், சாப்பாடு இறங்காது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பல வீடுகளில் இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருகிறது. மாதக்கணக்கில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர் தன்னுடைய சர்க்கரையையும் பிரஷரையும் கவனிக்காமல் விட்டிருப்பார். நடையும் ஒழுங்கான சாப்பாடும் இவர்களை நிச்சயம் தூக்கி நிறுத்தும். எப்படித் தொடங்குகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

தெம்பு வந்த முதல் நாளே பழைய அளவுக்குப் போவது

டெங்கு, டைஃபாய்டு, நிமோனியா, கோவிட் என்று எதிலிருந்து எழுந்தவர்களும் அதிகம் செய்யும் தவறு இதுதான். ஒரு நாள் காலையில் உடம்பு லேசாகத் தெரியும். முன்பு நடந்த முக்கால் மணி நேரத்தை அன்றே நடந்துவிடுவார்கள். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. பிறகு ஓய்வு, பிறகு மறுபடி அதே முக்கால் மணி. இப்படியே மாதம் ஓடிவிடும், உடம்பு தேறாது.

சமதரையில் காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம் போதும். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் அதிகம். அளவு சரியா என்பதை நடந்து முடித்தவுடன் கணிக்காதீர்கள், மறுநாள் காலையில் பாருங்கள். வழக்கத்தைவிட அசதியோ உடம்புவலியோ இருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். தொடர்ந்து மூன்று நாள் தொந்தரவு இல்லையென்றால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள்.

கொஞ்சம் வேலை செய்தாலே மறுநாளோ அதற்கு மறுநாளோ உடம்பு படுத்துவிடுகிறது, வாரக்கணக்கில் இப்படியே நடக்கிறது என்றால் பயிற்சியைக் கூட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, படபடப்பு, நடக்கும்போது தலைசுற்றல் இருந்தால் அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதயத் தசையில் வீக்கம் இருந்தால், கடும் பயிற்சியை மூன்று முதல் ஆறு மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள்.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பை இலக்காக வைப்பதும் சிக்கல். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை அதிகம் ஏறவிடாது. எண் குறைவாக இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டுபவர் தன் எல்லையைத் தாண்டிவிடுவார்.

"அசையாம படுத்திரு"

அன்பினால் சொல்வது, ஆனால் வயதானவர்களுக்குப் பெரும் கெடுதல். அறுபதைத் தாண்டியவர் பத்து நாள் படுக்கையிலேயே கிடந்தால் கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை கரையலாம். கழிப்பறையில் தடுமாறி விழுவதன் பின்னால் பெரும்பாலும் இந்தத் தசை இழப்பு இருக்கும்.

நடக்கத் தெம்பில்லாதவர் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து எழுங்கள். உட்காரும்போது மனதுக்குள் நான்கு எண்ணி மெதுவாக இறங்குங்கள், பொத்தென்று விழக்கூடாது. மெதுவான இந்த இறக்கமும் தசையை வலுப்படுத்தும். ஒரு தடவைக்கு ஐந்து, நாளைக்கு இரண்டு தடவை. படுக்கையிலிருந்து எழும்போது ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், இல்லையேல் பிரஷர் இறங்கித் தலை சுற்றும்.

இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்தவர்கள் எழும்போது கைகளை ஊன்றித் தள்ளக்கூடாது. பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு சேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். தண்ணீர் நிறைந்த குடமும் பேரக்குழந்தையும் இதில் அடக்கம்.

கஞ்சி, ரொட்டியோடு நிறுத்திக்கொள்வது

முதல் இரண்டு மூன்று நாளுக்குக் கஞ்சி சரி. அதையே வாரக்கணக்கில் கொடுத்தால் தசை வளரப் போதுமான புரதம் அதில் இல்லை. நோயிலிருந்து தேறுபவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் அளவு புரதம் வேண்டும், 60 கிலோ உள்ளவருக்கு 72 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, நூறு கிராம் மீனில் 20, வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 8 கிராம் அளவு கிடைக்கும். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

துக்க வீட்டில் மாத்திரை

இது உயிரோடு விளையாடும் தவறு. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் துக்கத்தில் சாப்பிடாமல் மருந்தை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை சரிந்துவிடும். வெறும் வயிற்றில் நடக்கவும் போனால் இன்னும் மோசம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். சுற்றியிருப்பவர்கள் "அழுது அழுது மயங்கிட்டாங்க" என்று விசிறிக்கொண்டிருப்பார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இதற்குப் பயந்து மருந்தை அடியோடு நிறுத்துவதும் தவறு. சாப்பாடு குறைந்திருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நெஞ்சுவலியையும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். நெருங்கியவர் இறந்த முதல் சில நாட்களில் மாரடைப்பு அபாயம் கூடுகிறது. கடும் அதிர்ச்சியில் இதயத் தசை திடீரெனப் பலவீனமாகும் நிலையும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்து டகோட்சுபோ என்று பெயரிட்டது அதற்குத்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆஸ்பத்திரியில்தான் பிரித்தறிய முடியும்.

தூக்கம் வரவில்லையென்று உறவினருக்கு எழுதிக் கொடுத்த அல்ப்ரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்வதும், மதுவைத் தொடுவதும் வேண்டாம். காலை வெயிலில் அரை மணி நேரம் இருப்பதும், மூன்று மணிக்கு மேல் காபியை விடுவதும் மெதுவாகத்தான் பலன் தரும், ஆனால் தரும்.

வெளியே போனால் ஊர் பேசும்

கணவனை இழந்த பெண்களை மாதக்கணக்கில் வீட்டுக்குள் வைத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வெளிச்சமும் நடமாட்டமும் இல்லாத அந்த மாதங்கள் துக்கத்தோடு மூட்டுவலியையும் சர்க்கரையையும் சேர்த்து ஏற்றிவிடுகின்றன. வாசலைத் தாண்டத் தயங்குபவர் மொட்டை மாடியில் நடக்கட்டும். மகளோ பக்கத்து வீட்டு அக்காவோ கூட நடந்தால் போதும், பேச வேண்டியதில்லை. நடக்கும்போது அழுகை வந்தால் நின்று அழுதுவிட்டு நடக்கலாம். அழுகையை அடக்கவென்றே நாளெல்லாம் பயிற்சி செய்பவர்களையும் பார்க்கிறோம். அவர்களுக்குக் காயமும் களைப்பும்தான் மிஞ்சுகிறது.

ஆறு மாதம் கடந்தும் துக்கம் முதல் வாரம் போலவே அழுத்தி, அன்றாட வேலையே நடக்கவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்ற பேச்சு எப்போது வந்தாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இந்தியாவில் இது இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.