டைனோசர் மூச்சுக்கு ஒரு தாள், இரண்டு பட்டன்

டைனோசர் எப்படி மூச்சு விட்டது என்று அக்கா மகன் கேட்டபோது முதலில் பலூனை ஊதிக் காட்டினேன். அது தப்பு. பலூன் மாதிரி உப்பி வடிவது நம் நுரையீரல். பறவையின் நுரையீரல் அநேகமாக அசையவே அசையாது. சுற்றியுள்ள காற்றுப்பைகள்தான் துருத்தி வேலை பார்க்கின்றன. பல டைனோசர்களுக்கும் இதே ஏற்பாடுதான் இருந்திருக்க வேண்டும்.

தாளில் பக்கவாட்டில் நிற்கும் டைனோசர் ஒன்றை வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை. உடம்புக்குள் மூன்று கட்டங்கள்: கழுத்துப் பக்கம் முன்பை, நடுவில் நுரையீரல், வால் பக்கம் பின்பை. ஒரு பட்டன் என்றால் ஒருமுறை இழுத்த காற்று. மூக்கருகே சிவப்புப் பட்டனை வையுங்கள்; அடுத்த முறை இழுக்கும் காற்றுக்கு நீலப் பட்டன் கையில் இருக்கட்டும்.

"இழு" என்றதும் சிவப்பு நுரையீரலைத் தாண்டி நேரே பின்பைக்குப் போகட்டும். (நிஜத்தில் கொஞ்சம் காற்று அப்போதே நுரையீரலுக்கும் போகும், முதல் ஆட்டத்தில் அதை விட்டுவிடுங்கள்.) "விடு" என்றால் சிவப்பு நுரையீரலுக்கு வரும். பையன் இங்கேதான் முழித்தான். மூச்சை விடும்போது நுரையீரலுக்குப் புதுக்காற்று வருகிறதே! அவசரப்படாமல் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மறுபடி "இழு": சிவப்பு முன்பைக்கு, நீலம் பின்பைக்கு. "விடு": சிவப்பு வெளியே, நீலம் நுரையீரலுக்கு. ஒரு பட்டன் வெளியேற இரண்டு மூச்சு. நுரையீரலில் காற்றுக்கு எப்போதும் ஒரே திசைதான், பின்னிருந்து முன்னுக்கு.

"மாமா, நீங்க நேர்ல பார்த்தீங்களா?" என்றான். சரியான கேள்வி. காற்றுப்பை கல்லாகி மிஞ்சாது; அது முதுகெலும்பைக் குடைந்து உள்ளே போன பொந்துகள் மிஞ்சும். மடகாஸ்கரின் மஜுங்காசாரஸிலும் அர்ஜென்டினாவின் ஏரோஸ்டியானிலும் அவற்றைப் பார்க்கலாம். டிரைசெராடாப்ஸ் எலும்பில் அப்படிப் பொந்துகள் இல்லை. அதனால் அதை வரைந்து இந்த ஆட்டம் ஆடாதீர்கள்.

அப்புறம் ஆக்சிஜன். "அப்போ காற்றில் 30% ஆக்சிஜன், அதான் அவ்வளவு பெரிசு" என்று யாராவது சொன்னால், எந்தக் காலம் என்று கேளுங்கள். அந்த உச்சம் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது; டைனோசர் வந்ததோ ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனோசர் காலத்துக்கான கணக்குகள் இன்றைய 21 சதவீதத்துக்கு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கின்றன. நான் நம்புவது பாறையில் கிடைக்கும் கரித்துண்டை. ஆக்சிஜன் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே போனால் காட்டுத்தீ பரவாது. ஆகவே கரி இருந்தால் ஆக்சிஜன் அதற்கு மேல்தான். 1980-களில் ஆம்பருக்குள், அதாவது கல்லாகிப்போன மரப்பிசினுக்குள், சிக்கிய காற்றுக்குமிழியை அளந்து 30 சதவீதத்துக்கும் மேல் என்றார்கள். ஆம்பர் வழியே வாயு கசியும் என்பதால் அந்த எண்ணை நான் தாளில் எழுதுவதில்லை.