இரவல் பொருட்கள் பற்றிப் பொட்காஸ்ட் செய்யப் போகிறீர்களா? நாங்கள் விட்ட பிழைகள் இவை

ஏணி, தையல் மெஷின், டிரில், பெரிய குக்கர். எல்லோருக்கும் எப்போதாவது தேவைப்படும், ஆனால் வீட்டுக்கு வீடு வாங்கி வைக்க முடியாத சாமான்கள். அவற்றை ஓரிடத்தில் வைத்து இரவல் கொடுக்கும் பொருள் நூலகம் ஒன்றைப் பற்றி, இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் நாங்கள் மூன்று பேர் ஒரு பொட்காஸ்ட் தொடங்கினோம். கையில் இருந்தவை இரண்டு போன்கள்.

முதல் அத்தியாயத்தைக் கலிபோர்னியாவில் தொடங்கியதுதான் முதல் பிழை. 1979இல் பெர்க்லி பொது நூலகம் கருவிகளை இரவல் கொடுக்கத் தொடங்கிய கதையைப் பத்து நிமிடம் வாசித்தோம். கதை உண்மைதான், கேட்கத்தான் ஆளில்லை. எங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலேயே, இழவு வீடுகளுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்தின் கதிரைகளும் கிடாரமும் தறப்பாளும் எத்தனையோ காலமாக வீடு வீடாகப் போய் வருகின்றன. இழவு வீட்டுக்குப் போன கதிரைகளை மறுநாள் எண்ணி அடுக்குகிறவரிடம் மைக்கை நீட்டியிருந்தால் போதும்.

அடுத்தது மழை. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தை எந்த எடிட்டிங் ஆப்பும் சுத்தமாக எடுத்துத் தராது. எடுக்கப் போனால் பேசுகிறவரின் குரலும் சேர்ந்து தேய்ந்துவிடும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகலானால் இடிமழை. அதனால் ஞாயிறு காலையில் பதிவு செய்யுங்கள், கோயிலில் ஸ்பீக்கர் கட்டாத ஞாயிறாகப் பார்த்து. வெறும் சுவர் எதிரொலித்தால் பேசுகிறவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் கம்பளியைத் தொங்கவிடுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். பிளைட் மோடில் போட மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம், நல்ல கதை ஒன்றின் நடுவில் சீட்டுக்காசு கேட்டு அழைப்பு வந்தது.

மைக்கைக் கண்டதும் மனிதர்கள் வானொலித் தமிழுக்கு மாறிவிடுவார்கள். ஒரு அக்கா "வணக்கம் நேயர்களே" என்றே தொடங்கிவிட்டார். திருத்தப் போகாதீர்கள், கூச்சம்தான் கூடும். இரவல் எடுத்த பொருளை அவர் கையில் கொடுத்து, "இத எதுக்குக்கா எடுத்தீங்க?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வீட்டுத் தமிழுக்கு வந்துவிடும். தையல் மெஷின் ஓடும் சத்தத்தைத் தனியாக அரை நிமிடம் எடுத்து வைத்தால் பின்னணி இசை தேட வேண்டியதில்லை. சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம், உரிமைப் பிரச்சினை வரும்.

நான் இன்னும் வருந்துவது இதற்குத்தான்: மகளின் சடங்குக்கு அண்டா இரவல் எடுத்ததை ஒரு அம்மா சொன்னார். கடன் பற்றியும் இரண்டு வார்த்தை. பெயர் போடாமல் வெளியிட்டோம், அது போதும் என்று நினைத்தோம். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் "அது நீதானே?" என்று நாலு பேர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் பெயரை மறைத்தால் ஆள் மறையாது. குரலும் அண்டாவும் சொல்லிக்கொடுத்துவிடும். பதிவுக்கு முன் வாங்கும் சம்மதம் பாதிதான். வெட்டி ஒட்டி முடித்த பிறகு அவருக்கே போட்டுக் காட்டுங்கள். "இந்த இடம் வேணாம் தம்பி" என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். இரவல் பதிவேட்டை வாசிப்பது, படம் எடுத்துப் போடுவது, பொருளை உடைத்தவர் யார் என்று குறிப்புக் கொடுப்பது எதுவும் கூடாது. உடைந்த பொருளைப் பற்றிப் பேச வேண்டுமானால், அதைப் பழுது பார்த்தவரோடு பேசுங்கள். அதில்தான் சுவையும் இருக்கிறது.

டேட்டா போட்டுக் கேட்கிறவர்களை நினைத்து கோப்பின் அளவைக் குறையுங்கள். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் (ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு) மோனோ எம்பி3 போதும். அரை மணி நேரம் சுமார் 14 எம்பிதான் வரும். 128இல் அது இரட்டிப்பு. மூலப் பதிவை மட்டும் சுருக்காமல் வைத்திருங்கள்.

அப்புறம், "டிரில் இப்போது நூலகத்தில் இருக்கிறது" என்று அத்தியாயத்தில் சொல்லாதீர்கள். நாங்கள் சொன்னதை இரண்டு மாதம் கழித்துக் கேட்ட ஒருவர் பஸ் ஏறி வந்துவிட்டார். டிரில் அன்று தோட்டத்தின் மேல் டிவிஷனில் யாரோ வீட்டு அலுமாரிக்குப் போயிருந்தது. அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம். இருப்பு விவரம் இப்போது வட்ஸ்அப் குழுவில் மட்டும்தான்.