ஆட்டோகிராஸ் காரில் எடைக் குறைப்பும் சஸ்பென்ஷன் திருத்தமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் பந்தயத்துக்கென்று நிரந்தரமான தடம் எதுவும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இல்லை. கோவை செட்டிபாளையத்துக்கோ சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கோ போனால்தான் முறையான தடத்தைக் காண முடியும். சென்னை என்றால் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். காரை ஏற்றிச் செல்ல லாரி வைத்துக்கொள்ளும் வசதி நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆகவே எந்தக் காரை ஆட்டோகிராஸில், அதாவது தற்காலிகமாக அமைத்த தடத்தில் நேரத்தை அளந்து நடத்தும் போட்டியில், ஓட்டுகிறோமோ, அதே காரில்தான் போட்டிக்குப் போய்விட்டு வீடு திரும்பவும் வேண்டியிருக்கிறது. எடையைக் குறைப்பதிலும் சஸ்பென்ஷனைத் திருத்துவதிலும் நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்த நிலைமையை மறந்துவிட்டு, லாரியில் ஏறிப் போகும் பந்தயக் கார்களைப் பார்த்து அப்படியே செய்வதால் வருபவை.

முதல் தவறு, காரை எடை நிறுத்துப் பார்க்காமல் கழற்றத் தொடங்குவது. பாறைக்கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகளுக்காக நெடுஞ்சாலை ஓரங்களில் எடை மேடைகள் இருக்கின்றன. காரை முழுதாக ஒரு முறையும், முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு முறையும், பின்சக்கரங்கள் மட்டும் நிற்கும்படி ஒரு முறையும் நிறுத்தினால், ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் மூன்று எண்கள் கிடைத்துவிடும். லாரி மேடை பெரும்பாலும் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால், கழற்றும் பொருள்களைத் தனியாக ஒரு சிறிய தராசில் நிறுத்து நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர்கள், கதவின் உள் அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஐம்பது கிலோ குறைத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எங்கிருந்து குறைந்தது என்பதே முக்கியம். நாம் ஓட்டும் ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், இழுக்கும் சக்கரங்கள் எல்லாம் முன்னால்தான் இருக்கின்றன. 900 கிலோ எடையுள்ள காரில் முன்னச்சின் மேல் 560 கிலோவும் பின்னச்சின் மேல் 340 கிலோவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பங்கு 62 விழுக்காடு. எளிதில் கழற்ற முடிந்தவை ஸ்டெப்னி, ஜாக்கி, பின் இருக்கை, டிக்கித் தட்டு ஆகியவை. அவற்றோடு இருபது லிட்டர் பெட்ரோலையும் குறைத்தால் ஏறத்தாழ 60 கிலோ குறையும். ஆனால் அத்தனையும் பின்பக்கத்து எடை. இப்போது பின்னச்சில் மீதி இருப்பது 280 கிலோ. முன்பங்கு ஏறத்தாழ 67 விழுக்காடாக ஏறிவிட்டது. கார் இலேசாகியிருக்கிறது, நேர்ப்பாதையில் வேகமும் கூடியிருக்கிறது. வளைவிலோ உள்பக்கத்துப் பின்சக்கரம் முன்னைவிட எளிதாகத் தரையை விட்டு எழும்புகிறது. கடுமையாகப் பிரேக் போட்டால் பின்சக்கரங்கள் இறுகி வால்பக்கம் விலகப் பார்க்கிறது.

இதோடு பின்பக்கம் உயர்ந்தும் விடும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் என்றால், சக்கரத்துக்கு 30 கிலோ குறையும்போது 15 மில்லிமீட்டர் மேலே எழும்பி நிற்கும். அந்த அளவுக்கு ஷாக் அப்சார்பரும் நீண்டுவிடுவதால், சக்கரம் பள்ளத்தைத் தொட்டுக் கீழிறங்குவதற்கான இடம் குறைகிறது. எடையைக் குறைத்த பிறகும் பழைய சஸ்பென்ஷன் அளவுகள் அப்படியே இருக்கும் என்று நம்புவது, பலரும் அறியாமல் செய்யும் தவறு.

ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார் என்பதையும் கணக்கில் கொள்வதில்லை. தனியாக ஓட்டும்போது ஏற்கெனவே எழுபது, எண்பது கிலோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது; இடப்பக்க இருக்கையையும் கழற்றினால் அந்தச் சாய்வு இன்னும் கூடும். பேட்டரியைப் பின்னால் இடப்பக்கமாக மாற்றினால் முன்பக்கப் பளு, வலப்பக்கச் சாய்வு ஆகிய இரண்டு குறைகளும் சற்றுத் தணியும். ஆனால் சாதாரண அமிலப் பேட்டரியை மூடியில்லாமல் காருக்குள் வைப்பதும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடாமல் நீளமான கேபிளை இழுப்பதும் தீயை விலைக்கு வாங்குவதாகும். பெட்ரோலையும் அடிமட்டத்துக்குக் குறைக்கக் கூடாது. நீண்ட வளைவில் டேங்கில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சி, இன்ஜின் திக்கித் திணறும். லிட்டருக்கு முக்கால் கிலோ எடையை மிச்சப்படுத்தப் போய் முழு ஓட்டத்தையும் இழந்தவர்கள் உண்டு.

கழற்றவே கூடாதவை சில உண்டு. சீட் பெல்ட், ஏர்பேக், கதவுக்குள் இருக்கும் இரும்புச் சட்டம், இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகடு ஆகியவற்றைப் பற்றி விவாதமே வேண்டாம். இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் காக்கும் தகடான சம்ப் கார்டைக் கழற்றுபவர்களைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. நம் நாட்டில் ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண்தரையில் நடக்கிறது. செம்மண்ணோடு கிடக்கும் சரளைக்கல் ஒன்று ஆயில் சம்ப்பை உடைத்தால் இன்ஜினே போய்விடும். இரைச்சலைத் தடுக்கத் தரையில் ஒட்டியிருக்கும் தார்த்தாளைச் சுரண்டி எடுப்பதும் நம் மாவட்டத்துக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் ஊர் இது. குளச்சலிலிருந்து முட்டம் வரை உப்புக்காற்று வேறு. பூச்சு போன தகடு அடுத்த ஐப்பசி மழைக்குள் துருவேறத் தொடங்கும்.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். ஸ்பிரிங்கை அறுப்பதுதான் மலிவான வழி என்று பணிமனைகளில் இன்றும் சொல்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஓரிடத்தில் அதைக் கேட்டு, முன் ஸ்பிரிங்குகளில் ஒரு சுற்றை அறுக்கச் சம்மதித்தேன். ஆறு சுற்று இயங்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் மீதி ஐந்து. விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அந்த அளவு விறைப்பு, வண்டி இறங்கியதால் இழந்த இயக்கத்தை ஈடுகட்டப் போதாது. வளைவில் கார் சாயச் சாய, ஷாக் அப்சார்பர் அதன் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டியது. ரப்பரில் முட்டிய நொடியில் அந்தச் சக்கரத்தின் விறைப்பு பல மடங்காகிவிடும். முன் டயர் பிடியை இழந்து, ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். காரணம் தெரியாமல் இரண்டு மாதம் டயரைத் திட்டிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் இருப்பிடத்தில் நிற்காமல் ஆடியது. கேஸ் வெல்டிங் நெருப்பால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி இறக்குவது இதைவிட மோசம்; எஃகின் பதம் போய், அது எப்போது உடையும் என்று சொல்ல முடியாத பொருளாகிவிடும்.

தாழ்த்துவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய கார்களின் முன்பக்கத்தில், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த மெக்பர்சன் ஸ்ட்ரட் இருக்கிறது. அளவுக்கு மீறித் தாழ்த்தினால், சக்கரத்தைக் கீழிருந்து காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சக்கரப் பக்கத்து நுனி மேல்நோக்கித் திரும்பிவிடும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், தாழ்ந்த கார் குறைவாகச் சாயும் என்று எதிர்பார்த்தவருக்கு நேர்மாறான விளைவே கிடைக்கும். மண்தரையில் தாழ்த்தவே தேவையில்லை என்பது என் கருத்து. அங்கே சக்கரம் மேலும் கீழும் இயங்க இடம் இருப்பதுதான் பிடியைத் தரும்.

புதிய ஷாக் அப்சார்பருக்குப் பணம் செலவழிப்பதற்கு முன், லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களையும் உருண்டை மூட்டுகளான பால் ஜாயின்ட்டுகளையும் பார்க்காமல் விடுவது பரவலான தவறு. புஷ் தளர்ந்த காரில் அலைன்மென்ட் எண்கள், அதாவது சக்கரங்களின் கோண அளவுகள், கருவியில் நிற்கும்போது ஒன்றாகவும், பிரேக் போடும்போது வேறொன்றாகவும் இருக்கும். அலைன்மென்ட்டிலும் வரிசை உண்டு: முதலில் உயரம், அடுத்து கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு), கடைசியில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்நுனி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாது. ஓட்டுநரின் எடைக்குச் சமமான மணல் மூட்டையை இருக்கையில் வைத்துக்கொண்டு அளக்கச் சொன்னால் சில இடங்களில் சிரிப்பார்கள், சிரித்தாலும் வற்புறுத்துங்கள். தார்த்தளத்தில் நடக்கும் ஆட்டோகிராஸுக்கு முன்சக்கரங்களில் இரண்டு முதல் மூன்று பாகை வரை எதிர்மறைக் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்நுனி உள்நோக்கிச் சாய்வது, வழக்கமானது. ஆனால் 700 கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பயணத்தில் டயரின் உள்விளிம்பைக் கேம்பரைவிட அதிகமாகத் தின்பது வெளிநோக்கிய டோதான்; அதைக் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கார் வளைவில் திரும்ப மறுக்கும்போது இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரை முன்பக்கத்தில் தடிமனாக்குபவர்கள் நோயைக் கூட்டுகிறார்கள். முன்பக்கம் விறைத்தால் வெளிப்பக்க முன் டயர் மீதுள்ள சுமை இன்னும் ஏறும். உள்பக்கச் சக்கரமோ சுமை குறைந்து வெறுமனே சுழன்று புழுதி கிளப்பும். முன்சக்கரம் இழுக்கும் காரில் விறைப்பைக் கூட்ட வேண்டிய இடம் பின்பக்கம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாகக் கூட்டினால் மழையில் நனைந்த சாலையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் சுற்றிவிடும்.

இத்தனைக்கும் முன்னால் செய்திருக்க வேண்டியது, காசு செலவில்லாத டயர் காற்றழுத்தம். டயரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால், டயர் எவ்வளவு தூரம் மடங்குகிறது என்பது அழிந்த கோட்டில் தெரியும். வெப்பம் ஆறு பாகை செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ ஏறும் என்பதால், காலையில் அளந்ததை நண்பகலில் நம்பக் கூடாது. ஒரே நேரத்தில் காற்றழுத்தம், கேம்பர், ஷாக் அப்சார்பர் மூன்றையும் மாற்றிவிட்டு, எது பலன் தந்தது என்று தேடுவதும் வீண். ஒன்றை மாற்றி, மூன்று முறை ஓட்டி, பழைய நிலைக்குத் திருப்பி மீண்டும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் நிலத்துக்காரரின் அனுமதியோடு பயிற்சி செய்பவர்கள் ஆனி, ஆடி மாதங்களில் நிறுத்தக் கடிகாரத்தை அதிகம் நம்ப வேண்டாம். காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் கணவாய்க் காற்று, எதிரே வீசும்போது ஒரு நேரத்தையும் பின்னால் வீசும்போது வேறொரு நேரத்தையும் காட்டும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே திரும்ப மாட்ட முடிந்தவற்றை மட்டும் கழற்றுவதே நமக்கு ஏற்றது. போட்டி முடிந்ததும் சக்கர நட்டுகளையும் ஸ்ட்ரட் போல்ட்டுகளையும் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பாருங்கள். டயர் அழுத்தத்தைச் சாலைக்குரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். கூடாரத்தில் இறக்கி வைத்த ஸ்டெப்னியை மறக்காமல் டிக்கியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருமுறை அதை விட்டுவிட்டு வந்து, கயத்தாறு தாண்டிப் பஞ்சராகி, விடியும் வரை சாலையோரம் உட்கார்ந்திருந்தோம்.