ஊர்ப் பலகாரப் பரிசுக் கூடை: எதை எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது

தீபாவளிக்குக் கொடுக்கும் பரிசுக் கூடைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். பளபளக்கும் தாளில் சுற்றிய சாக்லேட், எந்தப் பேக்கரியிலும் கிடைக்கும் பிஸ்கட், நடுவில் ஒரு உலர் பழ டப்பா. அதே செலவில், சில சமயம் அதைவிடக் குறைவாகவே, கோவில்பட்டியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மணப்பாறையும் சேர்ந்த கூடையைக் கட்டலாம். சிரமம் பொருளைக் கண்டுபிடிப்பதில் இல்லை. எல்லாம் ஒரே நாளில் நல்ல பதத்தில் இருக்கும்படி வாங்குவதில்தான் இருக்கிறது.

படி 1: கூடையைப் பெறுபவரின் வீட்டைப் பாருங்கள்

மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். வீட்டில் சைவமா? சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருக்கிறார்களா? யாருக்காவது நிலக்கடலை, முந்திரி ஒவ்வாமை உண்டா?

முதல் கேள்வியில் பலர் சறுக்குவது தூத்துக்குடி மக்ரூனில். முந்திரி, சர்க்கரையோடு முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துச் செய்வது அது. பார்த்தால் முட்டை இருப்பதே தெரியாது. சைவ வீட்டுக்கு வேண்டாம். சாத்தூர் சேவில் பூண்டு சேர்ப்பது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதுவும் சர்க்கரைதான். அவர்களுக்கு வறுத்த முந்திரி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், இனிப்பு சேர்க்காத சுக்கு மல்லிப் பொடி ஆகியவை பொருத்தம்.

படி 2: பட்டியலும் அளவும்

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒன்றேகால் கிலோ தாராளம். ஒரு மாதிரிப் பட்டியல்:

- திருநெல்வேலி அல்வா – 250 கிராம்
- ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா – 250 கிராம்
- கோவில்பட்டி கடலை மிட்டாய் – 200 கிராம்
- மணப்பாறை முறுக்கு – 200 கிராம்
- சாத்தூர் சேவு – 200 கிராம்
- உடன்குடி சில்லுக்கருப்பட்டி – 150 கிராம்

முறுக்கு எடை குறைவு, இடம் அதிகம். அடிப்பாகம் 12 அங்குலத்துக்கு 9 அங்குலம், உயரம் 4 அங்குலம் இருக்கும் கூடை இதற்குச் சரியாக வரும். அல்வா, பால்கோவா இரண்டுமே திகட்டும் இனிப்பு. மூன்றாவதாக இன்னொரு நெய் இனிப்பைச் சேர்த்தால் ஏதோ ஒன்று பிரிக்கப்படாமலே கிடக்கும். அந்த இடத்துக்குக் காரமே மேல்.

பழனி பஞ்சாமிர்தம் நல்ல தேர்வு, ஆனால் அது கோயில் பிரசாதம். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துச் சேர்க்க வேண்டும்.

படி 3: அசல் சரக்கா என்று பார்ப்பது

பால்கோவாவும் பஞ்சாமிர்தமும் 2019-இல் புவிசார் குறியீடு (ஒரு பொருள் இந்த ஊருக்கே உரியது என்று தரும் அரசுப் பதிவு) பெற்றவை. கடலை மிட்டாய் 2020-இல், மணப்பாறை முறுக்கும் உடன்குடிக் கருப்பட்டியும் 2023-இல் பெற்றன. குறியீடு வந்த பிறகும் ஊர்ப் பெயரை அட்டையில் போட்டு எங்கெங்கோ செய்த சரக்கை விற்பது நிற்கவில்லை. நெடுஞ்சாலைக் கடைகளில் அப்படிப்பட்ட பெட்டிகள் குவிந்திருக்கும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. முகப்பில் உள்ள பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். தயாரிப்பாளர் முகவரியில் பின்கோடு இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் 626125, கோவில்பட்டி 628501, மணப்பாறை 621306. சுற்றுவட்டார ஊர் என்றால் கடைசி இலக்கங்கள் சற்று மாறலாம். ஆனால் பால்கோவாப் பெட்டியில் 600-இல் தொடங்கும் சென்னைப் பின்கோடு இருந்தால் அது ஊரின் பெயர் மட்டும்தான். விற்பவர் முகவரியும் தயாரித்தவர் முகவரியும் தனித்தனியாக இருந்தால் தயாரித்தவருடையதையே பாருங்கள்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். பால்கோவாவில் பால், சர்க்கரை இரண்டும்தான் இருக்க வேண்டும். மைதா, வனஸ்பதி என்று கண்டால் திருப்பி வைத்துவிடுங்கள். அல்வாவில் கோதுமை, சர்க்கரை, நெய். நெய் இருக்க வேண்டிய இடத்தில் தாவரக் கொழுப்பு இருந்தால், ஆறியதும் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம். அதுவும் தயாரிப்புத் தேதியும் இல்லாத பொட்டலத்தைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது.

படி 4: மாதிரி வாங்கிச் சோதிப்பது

பத்துக் கூடைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் சிறிய பொட்டலம் இரண்டு வாங்குங்கள். ஒன்றை அன்றே பிரியுங்கள். மற்றதை, முறுக்கு, சேவு, கடலை மிட்டாய் என்றால், பத்து நாள் அலமாரியில் வைத்துவிட்டுப் பிரியுங்கள். உண்மை அப்போதுதான் வெளிவரும்.

கடலை மிட்டாயை உடைத்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்து இழுபட்டாலோ பல்லில் ஒட்டினாலோ வெல்லப்பாகு பதம் வராமல் இறக்கியிருக்கிறார்கள், அல்லது காற்றின் ஈரத்தை இழுத்திருக்கிறது. முறுக்கையும் சேவையும் முதலில் முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை லேசாக இருந்தாலும் அந்தக் கடை வேண்டாம்: பழைய எண்ணெயில் பொரித்திருப்பார்கள், இல்லாவிட்டால் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார்கள். வெளிச்சமும் காற்றும் எண்ணெயைக் கெடுக்கும். சில்லுக்கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே சர்க்கரைப் படிகம் மினுமினுத்தால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம்.

நல்ல கடைக்கு அடையாளம் பெயர்ப்பலகை இல்லை, விற்றுமுதல். காலையில் போட்டது மாலைக்குள் தீரும் கடையில் பழைய சரக்குத் தேங்காது. கடைக்காரரிடம், “அண்ணாச்சி, இது என்னைக்குப் போட்டது? எத்தனை நாள் தாங்கும்?” என்று கேளுங்கள். “எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கும்” என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

படி 5: கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

கூடை முழுவதற்கும் ஒரே நாளில் வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

சில்லுக்கருப்பட்டியை மூன்று வாரம் முன்பே வாங்கலாம். கடலை மிட்டாய்க்குப் பத்து நாள். முறுக்கு, சேவு ஒரு வாரம். அல்வா நான்கு நாள். பால்கோவா கடைசி, கொடுப்பதற்கு முந்தைய நாள் கைக்கு வர வேண்டும். பாலில் செய்தது என்பதால் அறை வெப்பத்தில் சில நாள்தான் தாங்கும். கூரியரில் மூன்று நாள் சுற்றி வந்தால் புளிப்புத் தட்டியோ பூசணம் பூத்தோ வரும். அனுப்பும் ஊர் தூரம் என்றால் பால்கோவாவை விட்டுவிட்டு அல்வாவைக் கூட்டிவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் இந்த ஊர்க் கடைகளில் கூட்டம் நெரியும், தபால் வண்டிகளும் தாமதமாகும். ஆகவே ஆர்டரை முன்னதாகவே சொல்லிவைத்து, அனுப்பும் தேதியை மட்டும் பிந்தைய நாளாகக் குறித்துக் கொடுங்கள்.

படி 6: அடுக்குவது

அந்தச் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். காற்றில் ஈரம் ஏறியதும் முறுக்கு நமுத்துப்போகும், மிட்டாய் பிசுபிசுக்கும். முறுக்கையும் சேவையும் கடை போட்டுத் தந்த சீலைப் பிரிக்காதீர்கள். அழகான ஜாடிக்கு மாற்ற ஆசை வரும். மாற்றினால் காற்றும் புகும், லேபிளும் போய்விடும். அப்படியே பையோடு ஒரு துணிப் பையில் போட்டுக் கட்டினால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

அல்வாவிலிருந்து நெய் கசியும். அதைத் தாள் பெட்டியில் வைக்காமல், இறுக மூடும் டப்பாவில் பட்டர் பேப்பர் விரித்து வையுங்கள். அல்வாவும் பால்கோவாவும் காரத்தோடு ஒரே திறந்த தட்டில் இருக்கக் கூடாது. இனிப்பின் ஈரத்தை முறுக்கு இழுத்துக்கொள்ளும், சேவின் பூண்டு வாசனை பால்கோவாவில் ஏறும்.

கனமான டப்பாக்கள் அடியில், நடுவில் மிட்டாயும் சில்லுக்கருப்பட்டியும், முறுக்கு மேலே. மக்ரூன் சேர்த்தால் அதைத் தகர டப்பாவில் போட்டு எல்லாவற்றுக்கும் மேல் வையுங்கள். கை வைத்து அழுத்தினாலே பொடியாகிவிடும். இடைவெளிகளை வைக்கோலால் அடைக்க வேண்டாம், தூசியும் பூச்சியும் வரும். கிழித்த பழுப்புத் தாள் போதும்.

கூடைக்குப் பனையோலைக் கொட்டான் அருமையாகப் பொருந்தும். வாங்கியதும் ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். ஓலையில் ஈரம் இருந்தால் மூடிய மூன்றாம் நாளே பூசணம் பூக்கும்.

கடைசியாக ஒரு சிறு அட்டையில் ஒவ்வொரு பொருளின் ஊரையும், எத்தனாம் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதி மேலே வையுங்கள். பால்கோவாவுக்கு எதிரே “முதலில் இதைச் சாப்பிடவும்” என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் வீட்டில் முறுக்கைத்தான் முதலில் பிரிப்பார்கள்.