பழைய ஹைலக்ஸை வன்னி மண்ணுக்குத் தயார்ப்படுத்தல்

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் மறுபடி திறந்தாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய டபிள் கப் பிக்கப் ஒன்று வயல் செய்பவருக்கு எட்டாத விலை. அதனால்தான் எல்என் 106 மொடல் போன்ற தொண்ணூறுகளின் டொயோட்டா ஹைலக்ஸுக்குக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்னும் மதிப்பு இறங்கவில்லை. முன் அக்சிலும் இலைவில்லில் நிற்கும், 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். வயர் வேலை குறைவு. மரநிழலிலேயே கழற்றிப் பூட்டலாம்.

வாங்கிய கையோடு பலர் செய்வது வாகனத்தை உயர்த்திப் பெரிய ரயர் போடுவது. பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே இந்த வாகனங்களைத் தின்பது மேடுபள்ளம் அல்ல. வைகாசி முதல் புரட்டாதி வரை செம்மண் தூசு, ஐப்பசிக்குப் பிறகு சேறும் வெள்ளமும், கரைப்பக்கம் உப்பு. மூன்றும் உள்ளே போவது சீல், ஹோஸ், மூச்சுக் குழாய் வழியாகத்தான். காசு முதலில் அங்கே போகட்டும். உயரத்தைப் பிறகு பார்க்கலாம்.

தூசு

ஏயர் பில்ரரை மாற்றுவதற்கு முன், பில்ரர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி அதன் உட்புறத்தில் விரலால் தடவுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் எவ்வளவு நல்ல பில்ரர் போட்டும் பயனில்லை. ஹோஸின் மடிப்புகளுக்குள் வெடிப்பு இருக்கும். கையால் வளைத்தால்தான் தெரியும். ரேப் சுற்றாமல் புது ஹோஸ் போடுங்கள். அதன் கிளிப்புகள் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பேப்பர் பில்ரருக்குக் காற்றடிப்பதானால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில். வெளியிலிருந்து அடித்தால் தூசு தாளுக்குள் இறுகிவிடும். இரண்டு மூன்று தரம் அடித்தபின் அதை எறிந்துவிடுவதுதான் மலிவு. தூசு தின்ற எஞ்சினில் முதலில் தேய்வது பிஸ்ரன் ரிங். காலையில் ஸ்ராட் எடுக்கப் பிந்தும்போதுதான் விளங்கும், அப்போது பிந்திவிட்டது. ஸ்ராட் பிந்துவதற்கு, எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்கும் குளோ பிளக்கும் காரணமாகலாம். பிளக்குகளை இணைக்கும் மேல் பட்டையைக் கழற்றி, பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சோதனை பல்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டுப் பாருங்கள். பல்ப் எரிந்தால் பிளக் நல்லது, எரியாவிட்டால் செத்தது.

வெட்டுக்காலத்தில் றேடியேற்றரின் முன்னே வைக்கோல் தும்பும் புல் விதையும் அடைக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். இந்த எஞ்சினை ஒருமுறை நன்றாகக் கொதிக்க விட்டால் சிலிண்டர் ஹெட் வெடிக்கக்கூடும். வெப்ப முள் பாதிக்கு மேலே ஏறினால் வீடு வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள்.

மூச்சுக் குழாய்

கராஜில் பிறீதர் என்பார்கள். இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறில்லை. ஓடிச் சூடான அக்சில் பாலியாற்றிலோ கனகராயன் ஆற்றிலோ இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். அக்சிலின் மேலிருக்கும் சின்னப் பிறீதர் சேற்றில் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

முன், பின் இரண்டு பிறீதரையும் கழற்றி, அந்தப் புரிக்குப் பொருந்தும் ஹோஸ் முனையைப் பூட்டி, டீசல் தாங்கும் ரப்பர் ஹோஸைச் செசி வழியே மேலே கொண்டுபோங்கள். முன்னதை எஞ்சின் அறையின் பின்சுவர் வரை, பின்னதைச் சாமான் ஏற்றும் தொட்டியின் பக்கச் சுவர் உயரம் வரை. அக்சில் மேலும் கீழும் ஆடும் என்பதால் ஹோஸுக்கு ஒரு சாண் தளர்வு விடுங்கள். மேல்முனையில் மலிவான டீசல் பில்ரர் ஒன்றைச் செருகினால் தூசும் குளவிக்கூடும் வராது. கியர் பொக்ஸுக்கும், 4x4 க்குப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டிக்கும் இதையே செய்யலாம்.

டிஃப் எனும் அக்சில் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அன்றே வடித்து 80டபிள்யூ-90, ஜிஎல்-5 ஒயில் விடுங்கள். அளவுக்கு லீற்றர் பார்க்க வேண்டாம். சம தரையில் நிறுத்தி, நிரப்பும் ஓட்டையின் கீழ்விளிம்பு வரை வந்தால் போதும். வடிக்கும் நட்டைத் திறக்க முன் நிரப்பும் நட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். வடித்தபின் மேல் நட்டு அசையாவிட்டால் வாகனம் அங்கேயே நிற்கும்.

முன் நக்கிள்

முன் அக்சிலின் இரு நுனியிலும் சில்லைத் தாங்கித் திருப்பும் கூடுதான் நக்கிள். இந்த வாகனத்தின் உயிரும் தலையிடியும் இதுதான். முன் சில்லுக்குப் பின்னால் தெரியும் இரும்புப் பந்தைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய கிறீஸ் படலம் இருந்தால் நல்லது. கறுத்த குழம்பு வடிந்தால் உள் அக்சில் சீல் போய், டிஃப் ஒயில் நக்கிளுக்குள் வந்து கிறீஸைக் கரைக்கிறது. முழுதாய்ச் சுக்கானை ஒடித்து 4x4 இல் ஓடும்போது டக் டக் என்றால் உள்ளே ஷாப்ற்றின் ஜொயின்ற் தேய்கிறது.

இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் செய்யுங்கள். வேண்டியவை: உள் சீல் 2, பந்தைத் துடைக்கும் ரப்பர், ஃபெல்ற் செற் 2, ஹப் சீல் 2, கஸ்கற் செற், மொலிப்டினம் கிறீஸ் பக்கத்துக்கு அரைக்கிலோவுக்குக் குறையாமல், சில்லுப் பெயாரிங்குக்கு வெப்பம் தாங்கும் லிதியம் கிறீஸ், 54 மில்லிமீற்றர் சொக்கற். இந்தச் சொக்கற் இல்லாமல் உளியும் சுத்தியலும் கொண்டு ஹப் நட்டைத் திருப்புபவர்களிடம் வாகனத்தைக் கொடுக்க வேண்டாம். ஒருமுறை சப்பிய நட்டு மறுபடி சரியாக இறுகாது.

செசியின் கீழே ஸ்ராண்ட் கொடுத்து சில்லு, கலிப்பர், ஃப்ரீவீல் ஹப், ஹப் என்ற வரிசையில் கழற்றுங்கள். கலிப்பரைப் பிறேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் வில்லில் கட்டுங்கள். ஹப் உட்காரும் ஸ்பின்டிலின் 8 போல்ற்றும் வந்தபின் ஷாப்ற்றை வெளியே இழுக்கலாம். சுக்கான் கையின் நட்டுகளுக்குக் கீழே கூம்பு வாஷர்கள் இறுகியிருக்கும். கையின் பக்கவாட்டில் பித்தளைத் துண்டு வைத்து அடித்தால் துள்ளி வரும். நட்டை முழுதாய்க் கழற்றாமல் நுனியில் விட்டு அடியுங்கள், புரி சேதமாகாது. மேல், கீழ் பெயாரிங்குகளோடு வரும், இடைவெளி சரிக்கட்டும் மெல்லிய தகடுகளான ஷிம்களை எது மேல், எது கீழ் என்று குறித்துத் தனித்தனிப் பொலித்தீனில் போடுங்கள். கலந்தால் நக்கிள் நடுவில் நிற்காது. புதுச் சீல் சில மாதத்தில் போய்விடும்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவி, துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பந்தில் கறள் குழி இருந்தால் நுண்ணிய மண்தாளால் தேய்த்து மழமழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் புது ரப்பரை அது அரம்போல் அறுக்கும். ஷாப்ற்றில் பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால், புதுச் சீலை இரண்டு மில்லிமீற்றர் முன்பின்னாக இருத்துங்கள். ஜொயின்றுக்குள் கிறீஸை விரலால் அழுத்தி நிரப்பி, நக்கிளின் உள்வெளியை முக்கால் பங்குக்கு அடையுங்கள். ஷாப்ற்றைத் திரும்பச் செருகும்போது கீழே கை கொடுத்துத் தூக்கிப் பிடியுங்கள். அதன் பல் புதுச் சீலின் உதட்டில் உரசினால் இத்தனை வேலையும் வீண்.

நக்கிளின் இறுக்கம் பார்க்க, மீன் நிறுக்கும் கொளுவித் தராசே போதும். துடைக்கும் ரப்பர் பூட்ட முன், சுக்கான் கையின் நுனியில் கொளுவி இழுங்கள். அசையத் தொடங்கும்போது 3 முதல் 6 கிலோவுக்குள் காட்ட வேண்டும். சுக்கான் கை நட்டுகள் சுமார் 95 நியூட்டன் மீற்றர். 500 கிலோமீற்றர் ஓடியபின் அவற்றை மறுபடி இறுக்குங்கள். இது தளர்ந்தால் சுக்கானே கைவிட்டுப் போகும்.

உப்பும் கறளும்

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் மீன் ஏற்றும் பிக்கப்பில் கறளுக்குக் காரணம் கடற்காற்றைவிட ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர்தான். அது தொட்டியின் மூட்டுகள் வழியே இறங்கிப் பின் வில் கொழுவும் இடத்தில் செசிக்குள் தேங்கும். பெட்டிக்கு வடிகால் குழாய் பூட்டிப் பின் பம்பருக்கு வெளியே விட்டால் செசிக்குப் பத்து வருடம் கூடும். செசியைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் உள்ளே தகடு மெலிந்திருக்கிறது.

கழுவும்போது செசியின் ஓட்டைகளுக்குள்ளும் ஹோஸை விடுங்கள். சில இடங்களில் கிணற்றுத் தண்ணீரே உவர். அதனால் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். கழிவு ஒயில் பூசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது வில் புஷ், பிறேக் ஹோஸ் எல்லா ரப்பரையும் ஊதவைக்கும், தூசையும் பிடித்து வைக்கும். கம்பித் தூரிகையால் சுரண்டி, பொஸ்போரிக் அமிலக் கறள் மாற்றி பூசி, காய்ந்தபின் ரெட் ஒக்சைட் இரண்டு கை, மேலே கறுப்பு எனாமல்.

உயர்த்துவதென்றால்

5 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். வில்லின் நுனியைச் செசியோடு இணைக்கும் ஷக்கிளை நீளமாகப் போட்டு உயர்த்துவது மலிவான வழி, ஆனால் ஷக்கிளை 10 சென்ரிமீற்றர் நீட்டினால்தான் 5 சென்ரிமீற்றர் உயரும். முன்னால் இப்படி நீட்டினால் சில்லு திரும்பும் சுக்கான் அச்சின் சரிவு மாறி, ஏ9 இல் வேகமாக ஓடும்போது வாகனம் அலையத் தொடங்கலாம். புது வில் செற் போடுவதே முறை. அதன் பிறகும் அலைந்தால் 2 அல்லது 3 பாகை ஆப்புத் தகடு வைத்து அந்த அச்சின் மேல்நுனியைப் பின்னுக்குச் சரியுங்கள்.

நெல் ஏற்றுவதற்காகப் பின் வில்லில் ஒரு பட்டை சேர்ப்பவர்கள் பக்கத்துப் பட்டையின் தடிப்பிலேயே சேருங்கள். லொறிப் பட்டை வைத்தால் சுமை முழுவதையும் அதுவே தாங்கி நடு போல்ற் அறும். 70 கிலோ மூடை 14 ஏற்றினால் கிட்டத்தட்ட ஒரு தொன். டபிள் கப் தாங்குவது அதிலும் குறைவு. வில்லை அக்சிலோடு கட்டும் யூ போல்ற்றைப் பழையதைத் திருப்பிப் போடக்கூடாது. சுமார் 120 நியூட்டன் மீற்றர் இறுக்கி, 100 கிலோமீற்றரில் ஒருமுறை, 500 இல் ஒருமுறை பாருங்கள்.

பலர் மறப்பது பின் பிறேக் வால்வை. பின் அக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி செசியில் இருக்கும் வால்வுக்குப் போகும். சுமை ஏறிச் செசி தாழ்ந்தால் அது பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வாகனத்தை உயர்த்தினால் வால்வு எப்போதும் வெறுமையாய் இருப்பதாக எண்ணி அழுத்தத்தைக் குறைத்துவிடும். எவ்வளவு உயர்த்தினீர்களோ அவ்வளவு உயரத்துக்கு அக்சிலில் கம்பி பூட்டும் தகட்டையும் உயர்த்துங்கள். வால்வையே கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடுவது ஒரு கெட்ட பழக்கம். வெறும் வாகனத்தில் மழை ரோட்டில் பின்சில்லு பூட்டிச் சுழற்றும். அக்சிலை முழுதாய்த் தொங்கவிட்டுப் பிறேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

ரயர்

துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண்ணுக்கு அகல ரயர் ஆகாது. மேலே மிதந்து வழுக்கும். ஒடுங்கி உயர்ந்த 7.00-16 வெட்டிக்கொண்டு கீழ்த்தரையைப் பிடிக்கும். 235/85 ஆர் 16 போட்டால், 205 ஆர் 16க்கு அமைந்த மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 65 இல் போவீர்கள். கிளச்சும் கூடத் தேயும். கரைமணலில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். ரியூப் போட்ட ரயரில் அதற்குக் கீழே போனால் றிம்முக்குள் ரயர் வழுக்கி வால்வுத் தண்டை அறுக்கும். ரோட்டுக்கு ஏறியதும் காற்றடிக்க ஒரு கொம்பிரசர் வாகனத்திலேயே இருக்கட்டும்.

தாண்டுபோனால் இழுக்க வருவது பெரும்பாலும் உழவு மெசின்தான். பம்பரிலோ சுக்கான் தடியிலோ கட்டக்கூடாது. செசியில் உள்ளே தகடு கொடுத்து, 8.8 தர 12 மில்லிமீற்றர் போல்ற்றுகளால் பூட்டிய கொளுக்கிகள் முன்னும் பின்னும் வேண்டும். வந்த தடத்திலேயே பின்னுக்கு இழுங்கள். சங்கிலியைத் தளரவிட்டு வெட்டி இழுக்க வேண்டாம். நடுவில் ஈரச் சாக்கொன்றைப் போட்டால் அறுந்தாலும் தூரம் பாயாது. சுற்றிப் போகலாமென்று தடத்தை விட்டு இறங்கும் முன் சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம் இன்னும் உண்டு.

தண்ணீர் கடந்தபின்

ஓடும் தண்ணீரில் தரை தெரியாவிட்டால் இறங்காதீர்கள். தேங்கிய தண்ணீரென்றால் இறங்க முன் பத்து நிமிடம் நிறுத்தி அக்சிலை ஆறவிடுங்கள். காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நோக்கல் குழாய் பூட்டியிருந்தாலும் பில்ரர் பெட்டியின் அடியிலுள்ள தூசு வடிக்கும் ரப்பரை அடைக்காவிட்டால் தண்ணீர் அதால் ஏறும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் திறப்பைத் திருப்பவே கூடாது. வெளியே இழுத்து, நான்கு குளோ பிளக்கையும் கழற்றி, அதன்பின் ஸ்ராற்றரால் சுற்றி உள்ளிருக்கும் தண்ணீரைப் பீய்ச்சிவிடுங்கள். அப்படியே ஸ்ராட் அடித்தால் பிஸ்ரனைத் தாங்கும் கொன்ரொட் வளையும்.

கரையேறியதும் பிறேக்கை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்து புரொப்பல்லர் ஷாப்ற் ஜொயின்றுகளுக்குப் பழைய கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். வழுக்கும் பகுதிக்கு மட்டும் இரண்டு மூன்று அழுத்தம் போதும். டீசல் பில்ரரின் அடித்திருகைத் தளர்த்திச் சுத்தமான டீசல் வரும்வரை வடித்து, மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்துங்கள். பரல் டீசல் விடுபவர்கள் மாரியில் கிழமைக்கொருமுறை இதைச் செய்யவேண்டும். மண்ணெண்ணெய் கலந்து ஓடாதீர்கள். எஞ்சினுக்கு டீசல் பீய்ச்சும் பம்புக்கு டீசலே ஒயில், மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கு இல்லை. டைமிங் பெல்ற் 100,000 கிலோமீற்றரில் மாறியதற்குச் சான்றில்லாவிட்டால் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்ரனில் அடிக்கும்.

கடைசியாகப் பின் சில்லுகளின் உட்பக்கம் குனிந்து, கைப்பிறேக் கேபிள் வந்து சேரும் சின்ன நெம்புகையை ஆட்டிப் பாருங்கள். சேறு காய்ந்து அது இறுகினால் கைப்பிறேக்கோடு பின் பிறேக்கின் தானியங்கிச் சரிப்படுத்தலும் நின்றுவிடும், மிதி கீழே போகும். கழற்றி, ஊசியைத் தேய்த்து, கிறீஸ் வைத்துப் பூட்ட அரைமணி நேரம்.