பேடே லோன்ல மாட்டிக்கிட்டீங்களா? முதல்ல கடன் குடுத்தவன் கையை உங்க அக்கவுண்ட்ல இருந்து எடுங்க

பேடே லோன்னா அடுத்த சம்பளத்துல கட்டிடறேன்னு வாங்கற சின்னக் கடன். அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இதை வாங்கினதை வெளிய சொல்லவே மாட்டாங்க, மானம் போயிடும்னு. நானும் வீட்ல கூட மூச்சு விடாம எட்டு வாரம் ஓட்டினவன்தான். கார் டிரான்ஸ்மிஷன் போயிடுச்சு, சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, கிரெடிட் கார்டு லிமிட் முட்டிக்கிட்டு நிக்குது, அப்பதான் ஒரு பேடே லோன் கடை போர்டு கண்ணுல பட்டுச்சு. பே ஸ்டப், அதான் சம்பள ரசீது, காட்டினேன், அக்கவுண்ட் நம்பரும் பேங்க்கை அடையாளம் காட்டற ரவுட்டிங் நம்பரும் குடுத்தேன், இருபது நிமிஷத்துல 300 டாலர் கைல. ரெண்டு வாரத்துல 345 கட்டணும். சரி 45 டாலர்தானேன்னு நினைச்சேன் பாருங்க, விழுந்தது அங்கதான்.

100 டாலருக்கு 15 டாலர் ஃபீஸ், ரெண்டு வாரத்துக்கு. கேக்க சின்னதா இருக்கும், வருஷக் கணக்குல போட்டா ஏபிஆர், அதான் வருஷ வட்டி விகிதம், கிட்டத்தட்ட 391 சதவீதம். கெடு அன்னைக்கு மொத்தமா 345 எடுத்துட்டா வாடகை நிக்கும், அதனால "45 மட்டும் கட்டுங்க, மீதியை அடுத்த சம்பளத்துக்கு தள்ளிடலாம்"னு கடன் குடுத்தவனே ஆசையா சொல்லுவான். இதுக்கு பேர்தான் ரோல்ஓவர். நான் நாலு தடவை தள்ளினேன், 180 டாலர் போச்சு, அசல் 300ல ஒரு சென்ட் கூட குறையல, ஏன்னா கட்டினது எல்லாமே ஃபீஸ்தான். நம்ம பாஷைல சொன்னா மீட்டர் வட்டி. நான் மட்டும்தான் ஏமாளியோன்னு நினைச்சேன், அப்புறம் பாத்தா நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, அதான் சிஎஃப்பிபி, 2014லயே ஆராய்ச்சி பண்ணி, பேடே லோன்ல 80 சதவீதத்துக்கு மேல 14 நாளுக்குள்ள தள்ளிப் போடப்படுது, இல்லைன்னா அது பின்னாடியே இன்னொரு லோன் வருதுன்னு சொல்லியிருக்காங்க. அவன் பொழைப்பே அதுலதான் ஓடுது.

சரி, வெளிய வர்றது எப்படின்னு பாப்போம். முதல் வேலை, இனிமே ரோல்ஓவர் கிடையாதுன்னு முடிவு பண்ணுங்க. ஒரு லோனை அடைக்க இன்னொரு கடைல லோன் வாங்கறதும் அதே கதைதான். அப்புறம் ஒரு பேப்பர் எடுத்து எத்தனை லோன், யார்கிட்ட, அசல் எவ்வளவு, இதுவரைக்கும் கட்டினது எவ்வளவு, அடுத்த கெடு என்னைக்கு, அவன்கிட்ட நம்ம செக் இருக்கா இல்ல அக்கவுண்ட்ல இருந்து அவனே நேரா பணம் எடுத்துக்கற ஏசிஹெச் ஆட்டோ டெபிட்டான்னு எழுதுங்க. எழுதும்போது வயித்தை கலக்கும், பரவால்ல எழுதுங்க.

அந்த பேப்பர்லயே இன்னொரு கட்டம் போட்டு, கடன் குடுத்த லெண்டருக்கு உங்க மாநிலத்துல லைசென்ஸ் இருக்கான்னு குறிச்சுக்கோங்க. மாநில நிதித்துறை வெப்சைட்ல தேடினா கிடைக்கும். இதை யாரும் பண்றதில்ல, ஆனா சில நேரம் ஆட்டத்தையே மாத்திடும். நியூயார்க்ல இந்த மாதிரி பேடே லோனே சட்டத்துக்கு விரோதம், இல்லினாய்ஸ்ல 2021ல இருந்து 36 சதவீதம்தான் உச்சவரம்பு. சில மாநிலங்கள்ல லைசென்ஸ் இல்லாதவன் குடுத்த கடன் செல்லாதுன்னே சட்டம் இருக்கு. ஆன்லைன்ல குடுக்கறவங்க சிலர் "நாங்க பழங்குடி அமைப்போட கம்பெனி, உங்க மாநில சட்டம் எங்களை கட்டுப்படுத்தாது"ம்பாங்க, அதை அப்படியே நம்பிடாதீங்க, மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்லயோ இலவச லீகல் எய்ட்லயோ ஒரு வார்த்தை கேளுங்க. மிலிட்டரில வேலை பாக்கறவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் தனி சட்டமே இருக்கு, 36 சதவீதத்துக்கு மேல வாங்கவே கூடாது.

இப்ப ஒரு முக்கியமான நேரக் கணக்கு. நான் இதுலதான் கோட்டை விட்டேன். எக்ஸ்டெண்டட் பேமெண்ட் பிளான்னு ஒண்ணு இருக்கு, கூடுதல் ஃபீஸ் இல்லாம பாக்கியை தவணையா பிரிச்சுக் கட்டறது, வழக்கமா நாலு தவணை, சம்பள நாளை ஒட்டி வரும். பேடே லெண்டர்களோட சங்கமான சிஎஃப்எஸ்ஏல உறுப்பினரா இருக்கற கம்பெனிங்க இதை வருஷத்துக்கு ஒரு தடவை குடுத்தாகணும்னு அவங்க சங்க விதியே சொல்லுது, பல மாநிலங்கள்ல சட்டமாவும் இருக்கு. ஆனா கெடுவுக்கு முந்தின வேலை நாள் கடை மூடறதுக்குள்ள கேக்கணும். அவனா வாயைத் திறந்து சொல்ல மாட்டான், ரோல்ஓவர்ல அவனுக்கு காசு, இதுல அவனுக்கு ஒண்ணும் இல்ல. நான் கெடு அன்னைக்கு காலைல போய் நின்னேன், கவுண்டர்ல இருந்த பொண்ணு ஸ்க்ரீனைப் பாத்துட்டு "நேத்தே வந்திருக்கணும் சார்"னு சொல்லிடுச்சு. ஒரே ஒரு நாள்.

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். வாஷிங்டன் மாநிலத்துல கடன் கட்டாம டிஃபால்ட் ஆகறதுக்கு முன்னாடி எப்ப கேட்டாலும் தவணை பிளான் குடுக்கணும், 400 டாலர் வரைக்கும் 90 நாள், அதுக்கு மேல 180 நாள். ஃப்ளோரிடால கிரெடிட் கவுன்சலிங், அதான் கடன் ஆலோசனைக்கு போறேன்னு ஒத்துக்கிட்டா 60 நாள் ஃபீஸ் இல்லாம டைம் கிடைக்கும், ஆனா ஏழு நாளுக்குள்ள அப்பாயின்ட்மெண்ட் போட்டுடணும்.

பிளான் கிடைக்கல, கெடு நெருங்குதுன்னா அடுத்தது அக்கவுண்ட்டை பூட்டறது. எனக்கு நடந்ததைச் சொல்றேன், அப்பதான் ஏன்னு புரியும். விடிகாலை போன்ல அலர்ட் வந்துக்கிட்டே இருக்கு. முதல்ல 345க்கு டெபிட் வந்து பவுன்ஸ், அப்புறம் அதையே உடைச்சு 200ன்னு ஒண்ணு, அதுவும் பவுன்ஸ், பின்னாடியே 145, அதுவும் பவுன்ஸ். ஒவ்வொண்ணுக்கும் பேங்க் 34 டாலர் போட்டுச்சு. கடன்காரனுக்கு ஒரு பைசா போகல, எனக்கு 102 டாலர் நஷ்டம்.

இதுக்கு வழி இருக்கு. ஏசிஹெச் அனுமதி நாம குடுத்தது, அதை நாமளே திரும்ப வாங்கிக்கலாம், இது ஃபெடரல் சட்டம் குடுத்த உரிமை. லெண்டருக்கு ஒரு லெட்டர், பேங்க்குக்கு ஒரு லெட்டர். பெரிய வக்கீல் பாஷை எல்லாம் வேணாம், "இந்த நம்பர் கடனுக்காக என் அக்கவுண்ட்ல இருந்து பணம் எடுக்க நான் குடுத்த அனுமதியை இன்னையோட ரத்து பண்றேன், இனிமே எந்த டெபிட்டும் அனுப்பாதீங்க"ன்னு ரெண்டு வரி போதும். லெண்டருக்கு இமெயில், கூடவே சர்ட்டிஃபைட் மெயில். பேங்க்ல ஸ்டாப் பேமெண்ட் ஆர்டர் போடுங்க, டெபிட் வர்ற தேதிக்கு குறைஞ்சது மூணு வேலை நாள் முன்னாடி சொல்லிடணும், வாயால சொன்னா 14 நாளுக்குள்ள எழுத்துல கேட்டாலும் கேப்பாங்க. இதுக்கு 30 டாலர் மாதிரி சார்ஜ் வரும், கடுப்பாத்தான் இருக்கும், மேல இருக்கற 102ஐ நினைச்சுக்கோங்க. அதையும் மீறி எடுத்துட்டானா, ஸ்டேட்மெண்ட் அனுப்பின 60 நாளுக்குள்ள பேங்க்ல அனுமதியில்லாத டெபிட்னு புகார் குடுத்து பணத்தை திரும்பக் கேளுங்க. தொடர்ந்து ரெண்டு தடவை பவுன்ஸ் ஆனா நம்ம புது அனுமதி இல்லாம மூணாவதா முயற்சி பண்ணக் கூடாதுன்னு சிஎஃப்பிபி விதி ஒண்ணு இருக்கு, ஆனா அதை அமல்படுத்தறதுக்கு முன்னுரிமை தரப் போறதில்லன்னு 2025 மார்ச்ல அவங்களே சொல்லிட்டாங்க, அதனால அதை நம்பி உக்காராதீங்க.

இதெல்லாம் விட நிம்மதியா இருந்தது வேற ஒரு பேங்க்ல புது அக்கவுண்ட் திறந்து சம்பளத்தை அங்க மாத்தினதுதான். பழசை மைனஸ்ல விட்டுட்டு ஓடிடாதீங்க, பேங்க்குகளுக்கு நடுவுல ஓடற லிஸ்ட்ல பேர் ஏறிடும், அப்புறம் எவனும் அக்கவுண்ட் தர மாட்டான். இன்னொண்ணு, டெபிட்டை நிறுத்தினா கடன் மறைஞ்சுடாது. எப்ப எவ்வளவு போகணும்னு முடிவு பண்றது இனிமே நாம, அவ்வளவுதான்.

இந்த கட்டத்துல பேரம் பேசுங்க, முன்னாடி இல்ல. அவன் கை நம்ம அக்கவுண்ட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் அவன் ஏன் இறங்கி வரணும்? நான் போன் பண்ணி, "ஏற்கனவே 180 ஃபீஸ் கட்டியிருக்கேன், அசல் 300ஐ நாலு தவணையா 75, 75ன்னு தர்றேன், அதுக்கு மேல என்னால முடியாது"ன்னு சொன்னேன். முதல் ஆள் முடியாதுன்னான். சரி சூப்பர்வைசரை குடுங்கன்னேன், அவரும் இழுத்தார். ரெண்டு நாள் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க. எழுத்துல வந்தாத்தான் முதல் 75னு சொன்னேன், இமெயில் வந்தப்புறம்தான் கட்டினேன். எழுத்து இல்லாம ஒரு டாலர் கூட அனுப்பாதீங்க, கட்டறதையும் மணி ஆர்டரா கட்டுங்க, புது அக்கவுண்ட் நம்பரை தூக்கி அவன் கைலயே குடுத்துடாதீங்க. அசல்ல 600 டாலரோ அதுக்கு மேலயோ தள்ளுபடி ஆனா 1099-சி ஃபார்ம் வரலாம், டாக்ஸ்ல வருமானமா காட்ட வேண்டியிருக்கும், அது ஞாபகம் இருக்கட்டும்.

கலெக்ஷன் ஏஜென்சிக்கு போயிட்டா பயப்படாதீங்க, அங்க நமக்கு சட்டம் இன்னும் பலமா இருக்கு. காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 9க்கு மேலயும் கூப்பிடக் கூடாது, ஒரு கடனுக்கு ஏழு நாள்ல ஏழு தடவைக்கு மேல அடிக்கக் கூடாது, உங்க கடனைப் பத்தி மாமனார்கிட்டயோ மேனேஜர்கிட்டயோ உளறக் கூடாது. ஆபீஸ்க்கு கூப்பிடாதேன்னு சொன்னா கூப்பிடக் கூடாது. ஒண்ணு மட்டும், இந்த ஃபெடரல் சட்டம் வசூல் ஏஜென்சிக்குத்தான், கடன் குடுத்தவனே நேரா கூப்பிட்டா பொதுவா இது பொருந்தாது. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள்ல மாநில சட்டம் அவனையும் பிடிக்கும்.

எனக்கு ஒருத்தன் கூப்பிட்டு "லீகல் டிபார்ட்மெண்ட்ல இருந்து பேசறேன், 700 டாலர் பாக்கி, சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா ஷெரிஃப் வேலை செய்யற இடத்துக்கே வருவாரு"ன்னான். பேர் சரியா சொல்றான், சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி நாலு இலக்கம் கூட சரியா சொல்றான். கை நடுங்குது எனக்கு. அப்புறம்தான் உறைச்சது, நான் வாழ்க்கைல 700 டாலர் லோனே வாங்கல. "எல்லாத்தையும் எழுத்துல அனுப்புங்க, உங்க கம்பெனி பேரும் அட்ரஸும் சொல்லுங்க"ன்னேன், டக்குனு கட் பண்ணிட்டான். நிஜ ஏஜென்சியா இருந்தா கடன் விவரத்தோட நோட்டீஸ் அனுப்பியே ஆகணும், அது வந்து 30 நாளுக்குள்ள இந்தக் கடனை நிரூபின்னு எழுதிக் கேட்டா, பதில் தர்ற வரைக்கும் வசூலை நிறுத்தணும். பேடே லோன் கட்டலைன்னு யாரையும் ஜெயில்ல போட முடியாது. கைதுன்னு மிரட்டினா அதையே சிஎஃப்பிபி வெப்சைட்லயும் மாநில அட்டர்னி ஜெனரல்கிட்டயும் புகாரா போடுங்க. ரொம்ப பழைய கடன்னா இன்னும் ஜாக்கிரதை, கேஸ் போடற காலக்கெடு முடிஞ்சிருக்கலாம், சும்மா 10 டாலர் அனுப்பினா சில மாநிலங்கள்ல அது திரும்ப முதல்ல இருந்து ஓட ஆரம்பிச்சுடும்.

ஆனா கோர்ட்ல இருந்து நிஜமாவே பேப்பர் வந்துச்சுன்னா தூக்கி டிராயர்ல போட்டுடாதீங்க. பதில் போடலைன்னா அவன் கேட்டது அப்படியே தீர்ப்பாயிடும், அப்புறம் சம்பளத்துல கை வைப்பான். ஃபெடரல் கணக்குப்படி பிடித்தம் போக கைக்கு வர்றதுல 25 சதவீதம் வரைக்கும் போகலாம், சில மாநிலங்கள்ல அதுக்கும் கம்மி. கோர்ட்டே நேர்ல வரச் சொல்லியும் போகலைன்னாத்தான் வாரண்ட் பேச்சே வரும். லீகல் எய்ட்ல பேப்பரை காட்டுங்க, பதில் எழுதிக் குடுப்பாங்க.

அவசரத்துக்கு நிஜமாவே காசு வேணும்னா பக்கத்துல இருக்கற கிரெடிட் யூனியன்ல, அதான் மெம்பர்களே சேர்ந்து நடத்தற கூட்டுறவு பேங்க்ல, பால் லோன் இருக்கான்னு கேளுங்க, சாப்பிடற பால் இல்ல, பேடே ஆல்டர்னேட்டிவ் லோன். ஃபெடரல் கிரெடிட் யூனியன்ல இதுக்கு வட்டி உச்சவரம்பு 28 சதவீதம், அப்ளிகேஷன் ஃபீஸ் 20 டாலரைத் தாண்டக் கூடாது. ஒரு வகைல 200ல இருந்து 1000 டாலர் வரைக்கும், ஒரு மாசமாவது மெம்பரா இருந்திருக்கணும். 2019ல வந்த இன்னொரு வகைல 2000 வரைக்கும், சேர்ந்த அன்னைக்கே கேக்கலாம். எல்லா இடத்துலயும் குடுக்கறதில்ல, ரெண்டு மூணு இடம் போன் பண்ணிப் பாருங்க. மூணு நாலு லோன் ஒண்ணா சேர்ந்துட்டா என்எஃப்சிசிங்கற தேசிய கடன் ஆலோசனை கூட்டமைப்புல உறுப்பினரா இருக்கற லாப நோக்கமில்லாத கவுன்சலிங் அமைப்புக்கு போங்க. "உங்க கடனை பாதியாக்கறோம், முதல்ல ஃபீஸ் கட்டுங்க"ன்னு போன்ல சொல்றவன் பக்கமே போகாதீங்க, கடனை செட்டில் பண்றதுக்கு முன்னாடி அப்படி ஃபீஸ் வாங்கறது 2010ல இருந்து தடை. எதுவுமே சரிப்படலைன்னா திவால் மனு இருக்கு, பேடே லோனும் பொதுவா அதுல அடிபட்டுப் போகும், ஆனா வெறும் 300 டாலருக்கு அந்தப் பக்கம் போக வேணாம்.

கடைசி 75 கட்டினதும் பாக்கி எதுவும் இல்லைன்னு ஒரு லெட்டர் கேட்டு வாங்குங்க, எனக்கு மூணு தடவை கேட்டுத்தான் வந்துச்சு, இன்னைக்கும் பத்திரமா இருக்கு. அது வந்த ரெண்டாவது நாள் ஒரு டெக்ஸ்ட், "உங்களுக்கு 500 டாலர் அப்ரூவ் ஆயிடுச்சு"ன்னு, அதே கடை. ஸ்டாப்னு ரிப்ளை பண்ணிட்டு நம்பரை பிளாக் பண்ணினேன், அன்னைக்கு மத்தியானமே பேங்க்குக்கு நேர்ல போய் பழைய அக்கவுண்ட்டை பேலன்ஸ் ஜீரோ பண்ணி மூடிட்டு, மூடினதுக்கும் ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்தேன்.