காங் யாட்சே 2 ஏறப் போறீங்களா? லேயில அவசரப்படாதீங்க

ஸ்டோக் காங்ரி சிகரத்தை 2020ல மூடிட்டாங்கல்ல, அதனால 6000 மீட்டர் தொடணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேரு இப்போ லடாக்ல மார்க்கா பள்ளத்தாக்கு பக்கம் இருக்கிற காங் யாட்சே 2 சிகரத்துக்குத்தான் போறாங்க, உயரம் கிட்டத்தட்ட 6250 மீட்டர். டெக்னிக்கல் இல்ல, அதாவது செங்குத்துப் பாறை ஏறுற வித்தை தேவையில்லன்னு சொல்றதைக் கேட்டு ஈஸின்னு மட்டும் நினைச்சுடாதீங்க. மேல ஆளைக் கவுக்குறது பாறை இல்ல, காத்துல இருக்கிற ஆக்சிஜன் கம்மிதான்.

ஃப்ளைட்ல போய் இறங்குற லே ஊரே 3500 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க ரெண்டு மூணு நாள் சும்மா இருங்க, நல்லா தண்ணி குடிங்க, சரக்கு வேண்டவே வேண்டாம். அதுக்கு மேல ஒவ்வொரு ராத்திரியும் தூங்குற இடம் முந்தின நாளைவிட 500 மீட்டருக்கு மேல ஏறாம பாத்துக்கோங்க, பகல்ல கூட கொஞ்சம் ஏறிட்டு வந்து கீழ தூங்குறது ரொம்ப நல்லது. தலைவலி, வாந்தி வந்தா அன்னிக்கு ஏறாதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இல்ல நடை தள்ளாடுதுன்னா ராத்திரியா இருந்தாலும் உடனே கீழ இறங்கணும், விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது. உயரத்தால வர்ற உடம்புக் கோளாறைத் தடுக்கப் போடுற டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டுட்டு மட்டும் போடுங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கிறவங்க மறக்காம சொல்லிடுங்க.

இன்னொண்ணு, பனி இறுகி இருக்கும்போதே ஏறணும்னு நடுராத்திரி வாக்குலதான் கிளம்புவாங்க, அப்போ தண்ணி பாட்டிலைத் தலைகீழா வைங்க. ஐஸ் மேல்பக்கம்தான் முதல்ல கட்டும், அதனால மூடி அடைக்காது.